16 வயதில் காணாமல் போனவர், 23 ஆண்டுகள் கடந்துவிட்டன: தேடலை மறுபடி தொடங்க என்ன செய்ய வேண்டும்?

முற்றத்துநிலா (கேள்வி)

சித்தியின் மகள் காணாமல் போனபோது வயது 16. 23 ஆண்டுகள் ஓடிவிட்டன. தேடலை மறுபடி முறையாகத் தொடங்கலாம் என்று குடும்பமாக முடிவு செய்திருக்கிறோம். விஷயம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

எங்களிடம் இருப்பவை: காவல்துறையில் கொடுத்த புகாரின் முதல் பக்கம், அவள் பயன்படுத்திய சீப்பு, இரண்டு நோட்டுகள், 40 புகைப்படங்கள். பல் வரிசை சரியாக வர கம்பி போட்டிருந்தாள். சித்திக்கு இப்போது 70 வயது, உடல்நிலை சரியில்லை. சித்தப்பா 4 ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான்.

சித்தியிடம் மட்டும் டிஎன்ஏ எடுத்தால் போதுமா? 11 ஆண்டுகளுக்கு முன் ஒரு எலும்புக்கூடு கிடைத்தபோது, "உயரம் ஒத்துப்போகவில்லை" என்று சொல்லி விலக்கிவிட்டார்கள். புகாரில் 152 செ.மீ., எலும்பை வைத்துக் கணக்கிட்டது 159. அது முடிந்துபோன விஷயமா? கோப்பில் "வீட்டை விட்டு ஓடியவர்" என்று எழுதியிருப்பதாகக் கேள்வி. அது இனித் தடையாக இருக்குமா? வேறு நாட்டில் உயிரோடு இருந்தால் எப்படித் தேடுவது?

மரபணுமேசை

மற்ற எதையும் விட முதலில் சித்தியின் மாதிரி. கோப்பு பத்து வருடம் கழித்தும் கிடைக்கலாம், புகைப்படம் எங்கேயும் போகாது. 70 வயதில் உடம்பு சரியில்லாத தாயின் மாதிரியைத் தள்ளிப்போடக் கூடாது. இந்த வாரமே காவல்துறைக்கு எழுதுங்கள்: "காணாமல் போனவரின் உறவினர் என்ற முறையில் டிஎன்ஏ மாதிரி தர விரும்புகிறோம்."

எடுப்பது எளிது. அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்து, பஞ்சுக் குச்சியால் இரண்டு கன்னங்களின் உட்புறத்தையும் ஒவ்வொன்றும் 30 வினாடி அழுத்தித் தேய்க்க வேண்டும். நன்றாகக் காற்றில் உலரவிட்டுக் காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் பை கூடாது: உள்ளே ஈரம் நின்று பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். அதிகாரப்பூர்வத் தரவுத்தளத்தில் சேர, மாதிரியை அதற்குரிய அலுவலர் முன்னிலையில், ஒப்புதல் படிவத்தோடு எடுப்பதுதான் வழக்கம். அதற்குத் தாமதமாகும் என்று தெரிந்தால் வீட்டிலேயே ஒரு மாதிரி எடுத்து, பெயர், உறவு, தேதி எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். அதிகாரப்பூர்வ மாதிரிக்கு அது ஈடாகாது. ஆனால் நாளை சித்தி இல்லை என்ற நிலை வந்தால் அதுவாவது மிஞ்சும். சித்திக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவரின் ரத்தத்தில் கொடையாளியின் டிஎன்ஏதான் இருக்கும், கன்னத்து மாதிரியிலும் அது கலந்து வரும். வேரோடு பிடுங்கிய முடி அங்கே கைகொடுக்கும்.

இனி, தாய் மட்டும் போதுமா என்ற கேள்வி. தாய் இருப்பது பெரிய பலம், ஆனால் தனியாகப் போதாமல் போகலாம். பழைய எலும்பில் உட்கரு டிஎன்ஏ (தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருவது) சிதைந்திருந்தாலும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ பெரும்பாலும் கிடைக்கும். ஒரு செல்லில் அதற்கு நூற்றுக்கணக்கில் பிரதிகள் உண்டு. தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் மாறாமல் வருவதும் அதுவே. ஆனால் ஒரே தாய்வழியில் வந்த அனைவருக்கும், சம்பந்தமே இல்லாத சிலருக்கும்கூட, அது ஒன்றாக இருக்கும். அதனால் "இவர் இல்லை" என்று சொல்ல அது நன்றாக உதவும், "இவர்தான்" என்று சொல்லத் தனியாக உதவாது.

அதனால்தான் தம்பியின் மாதிரியும் வேண்டும். தம்பியிடம் இருப்பதில் சித்தியிடம் இல்லாதது எதுவோ, அது சித்தப்பாவிடமிருந்து வந்தது. இப்படி, இறந்துபோன தந்தையின் டிஎன்ஏவில் பாதியை மீட்டுக்கொள்ளலாம். தம்பி மட்டும் கொடுத்தால் பலவீனம்: உடன்பிறந்தவர்கள் சராசரியாகப் பாதிதான் பகிர்கிறார்கள், அந்தப் பாதியும் ஆளுக்கு ஆள் கூடும், குறையும். பெரிய தரவுத்தளத்தில் ஒரே ஒரு உடன்பிறப்பை வைத்துத் தேடினால் தற்செயல் பொருத்தங்கள் வந்து விழும். தேடப்படுவது பெண் என்பதால் ஆண்களிடம் மட்டுமே இருக்கும் தந்தைவழி ஒய் குரோமோசோம் இங்கே பயன்படாது. பையனைத் தேடும் குடும்பங்கள் தந்தை, அண்ணன் தம்பி, பெரியப்பா, சித்தப்பா என்று யாரையும் விடாதீர்கள்.

சீப்பை எடுத்துவையுங்கள், ஆனால் அதை மலைபோல் நம்ப வேண்டாம். தானாக உதிர்ந்த முடியில் உட்கரு டிஎன்ஏ மிகக் குறைவு. வீட்டில் வேறு யாரும் அதில் தலை வாரியிருக்கவும் கூடும். அதைவிட நல்லவை: எடுத்து வைத்த பால் பல், கம்பி போடுவதற்காகப் பிடுங்கிய பல், அவள் நாவால் நனைத்து ஒட்டிய கடித உறை. சில நாடுகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தப்பொட்டு அட்டையைப் பல பத்தாண்டுகள் பாதுகாக்கிறார்கள். டென்மார்க்கில் 1982 முதல் உள்ளவை இருக்கின்றன. இவையெல்லாம் அவளுடைய சொந்த டிஎன்ஏ. கிடைத்தால் உறவினரை வைத்து ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை.

மாதிரி கொடுத்ததோடு நின்றுவிடாதீர்கள். அதிகம் சறுக்குவது இதற்குப் பிறகுதான். மாதிரி ஆய்வகத்துக்குப் போயிருக்காது. போயிருந்தாலும் வட்டார அளவில் நின்றிருக்கும், தேசியத் தரவுத்தளத்தில் ஏறியிருக்காது. மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: விவரக்குறிப்பு (மாதிரியிலிருந்து எடுத்த டிஎன்ஏ அடையாளம்) எந்தத் தேதியில் எந்தத் தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டது, அதில் எத்தனை மரபணு இடங்கள் (ஒப்பிடுவதற்காகப் படிக்கும் டிஎன்ஏ பகுதிகள்) உள்ளன, மைட்டோகாண்ட்ரியா ஆய்வும் செய்யப்பட்டதா. இடங்களின் எண்ணிக்கை முக்கியம். அமெரிக்காவின் டிஎன்ஏ தரவுத்தளமான கோடிஸ் 2017இல்தான் 13இலிருந்து 20க்கு மாறியது. ஐரோப்பாவின் பொதுத்தொகுப்பு 2009இல் 7இலிருந்து 12ஆக விரிந்தது. பழைய விவரக்குறிப்பையும் புதியதையும் ஒப்பிடும்போது இரண்டிலும் பொதுவாக உள்ள இடங்கள் மட்டுமே கணக்கில் வரும். பழைய மாதிரி இருந்தால் அதை மறுபடி பரிசோதிக்கச் சொல்லுங்கள். குடும்ப மாதிரியைக் குற்ற வழக்குகளோடு ஒப்பிட மாட்டார்கள் என்ற உறுதியையும் எழுத்தில் வாங்குங்கள். தம்பி தயங்கினால் பெரும்பாலும் இந்தப் பயம்தான் காரணம். அவரை வற்புறுத்தாமல் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.

எலும்பும்பல்லும்

அந்த 7 செ.மீ. வித்தியாசம் எதையும் விலக்காது. உயரத்தை மட்டும் காரணமாகக் காட்டி விலக்கியிருந்தால் அந்த முடிவைத் திறந்து பார்க்கச் சொல்ல உங்களுக்கு நியாயம் இருக்கிறது.

தொடை எலும்பை வைத்து உயரம் கணிக்கும் சூத்திரங்களின் திட்டப்பிழை (கணிப்பு வழக்கமாகத் தவறும் அளவு) 3 முதல் 4 செ.மீ. என்றால், நம்பத்தகுந்த வீச்சு இருபுறமும் 7, 8 செ.மீ. வரை போகும். 159 என்பது உண்மையில் 151 முதல் 167 வரை என்று படிக்க வேண்டிய எண். வளர்ச்சித் தட்டு (எலும்பு நீளும் முனைப்பகுதி) இன்னும் மூடாத எலும்பில் பெரியவர்களுக்கான சூத்திரத்தைப் போட்டிருந்தால் பிழை இன்னும் கூடும். அடுத்து, புகாரில் உள்ள 152ஐ யார், எப்போது அளந்தார்கள்? பள்ளிப் பதிவில் 13 வயதில் எடுத்த அளவைத் தாய் நினைவிலிருந்து சொல்லியிருக்கலாம். பெண்கள் அதற்குப் பிறகும் சில செ.மீ. வளர்வார்கள். பையன்கள் இன்னும் நெடுக வளர்வார்கள். வளரும் வயதில் காணாமல் போனவரின் உயரத்தைத் தேதி இல்லாமல் எழுதுவதே தவறு. பழைய புகைப்படத்தில் கதவு, மேசை போல இன்றும் அளக்கக்கூடிய பொருள் பக்கத்தில் இருந்தால் அதை அளந்து கொடுங்கள்.

இதைப் போலவே வயது வடிகட்டியும் ஆளை நழுவவிடும். 16 வயதில் காணாமல் போனவர் 16 வயதில் இறந்தார் என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? அவர் 25 வரை வேறெங்கோ வாழ்ந்திருக்கலாம். தரவுத்தளத்தில் "14 முதல் 18" என்று தேடினால் அந்த உடல் பட்டியலில் வராது. காணாமல் போன வயதைக் கீழ்வரம்பாகவும், உடல் கிடைத்த தேதியில் அவருக்கு இருந்திருக்கக்கூடிய வயதை மேல்வரம்பாகவும் வைத்துத் தேடச் சொல்லுங்கள். உங்கள் விஷயத்தில் அது 16 முதல் 28. அறிக்கையைப் படிக்கும்போது காறை எலும்பின் உள்முனை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உடம்பிலேயே கடைசியாக, இருபதுகளின் பிற்பகுதியில் மூடும் இடம் அது. அதோடு ஞானப் பல்லின் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதும் இருந்தால் 17ஐயும் 27ஐயும் பிரித்துவிடலாம்.

பல்லைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கம்பி போட்டிருந்தார் என்பது உங்களிடம் உள்ள மிகப் பெரிய தடயம், புகாரில் அது இருக்கிறதா என்பதே சந்தேகம். கம்பி போடுபவர் பொதுவாக மூன்று விஷயங்களை உருவாக்கியிருப்பார்: முழு வாய் எக்ஸ்ரே, பக்கவாட்டு மண்டை எக்ஸ்ரே, மேல் கீழ்த் தாடைகளின் பிளாஸ்டர் அச்சு. காகிதங்களை அழித்த பிறகும் அச்சு ஏதோ ஒரு பெட்டியில் கிடப்பதுண்டு. மருத்துவமனை மூடியிருந்தால் அதை வாங்கியவர் யார், பதிவுகள் யாரிடம் போயின என்று கேளுங்கள். பல் மருத்துவச் சங்கத்தில் கேட்டால் ஓய்வு பெற்றவரின் தொடர்பு கிடைக்கும். கிடைத்த மூலப் பிரதியைக் கையை விட்டுத் தராதீர்கள். நகல் எடுத்து, ரசீது வாங்கிய பிறகே கொடுங்கள். அலுவலகங்களில் தொலைந்துபோன எக்ஸ்ரேக்கு மாற்று கிடையாது.

கம்பிக்கு இடம் பண்ண முன்கடைவாய்ப் பற்கள் நான்கைப் பிடுங்குவது வழக்கம். அப்படிச் செய்திருந்தால் அந்த நான்கு இல்லாமையே ஒரு கையெழுத்து போன்றது. ஆனால் எண்முறையில் ஏமாறாதீர்கள். உலகில் ஒன்றுக்கு மேற்பட்ட முறைகள் புழக்கத்தில் உள்ளன. சர்வதேச முறையில் 14 என்றால் மேல் வலது முதல் முன்கடைவாய்ப் பல். அமெரிக்காவில் பழகிய 1 முதல் 32 வரையிலான முறையில் அதே 14 மேல் இடது முதல் கடைவாய்ப் பல். ஒரு முறையில் எழுதியதை மற்ற முறையில் வாசித்து, "பல் பொருந்தவில்லை" என்று தூக்கிப்போட இது ஒன்றே போதும். எண்ணோடு பல்லின் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.

விலக்கும் தர்க்கத்தைக் குடும்பமும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பதிவில் இருந்த பல் உடலில் இல்லை என்றால் அது விலக்கு ஆகாது, பிற்பாடு பிடுங்கியிருக்கலாம். பதிவில் பிடுங்கியதாக உள்ள நிரந்தரப் பல் உடலில் முளைத்து நின்றால், அது உண்மையான விலக்கு. அடைத்த பல் அடைக்காத பல்லாகத் திரும்பாது, ஆனால் அடைக்காதது அடைத்ததாக மாறும். உங்கள் எலும்புக்கூட்டுக்கு எழுதிய விலக்கு இந்தச் சோதனையில் நிற்கிறதா என்று கேளுங்கள்.

எக்ஸ்ரே எதுவும் கிடைக்காவிட்டால், முன்பற்கள் தெரியச் சிரிக்கும் புகைப்படங்களைப் பொறுக்குங்கள். அந்த 40இல் மூன்று நான்கு தேறும். நெகட்டிவ் இருந்தால் அதிலிருந்து பெரிய அளவில் ஸ்கேன் செய்யுங்கள், அச்சிட்ட படத்தை மறுபடி படம் பிடிக்காதீர்கள். நெற்றி எக்ஸ்ரேயில் தெரியும் காற்றறையின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும், அடையாளத்துக்கு அதையும் பயன்படுத்துவார்கள். ஆனால் அது 20 வயது வாக்கில்தான் வளர்ந்து முடிகிறது. 13 வயதில் எடுத்த படத்தோடு நூற்றுக்கு நூறு ஒத்துப்போகவில்லை என்பதற்காக விலக்கக் கூடாது.

பழங்கோப்பு

முதல் பக்கம் மட்டும் இருக்கிறது என்கிறீர்கள். முழுக் கோப்பின் நகல் கேட்டு எழுதுங்கள். முழுதும் தர மறுத்தால், கோப்பில் என்னென்ன காகிதங்கள் உள்ளன என்ற பட்டியலையாவது கேளுங்கள். இது பலருக்குத் தோன்றாத வழி. பட்டியலில் "பல் விளக்கப்படம்" இல்லை என்றால் அது ஒருபோதும் சேர்க்கப்படவில்லை என்று அர்த்தம். பட்டியலில் இருந்தும் காகிதம் இல்லை என்றால் வேறு கேள்வி கேட்க வேண்டும்.

கோப்பு அழிந்துவிட்டது என்று சொன்னால் மனம் தளராதீர்கள். அதே தகவல் பக்கத்துப் பதிவேடுகளில் நிழல்போல் கிடக்கும்: நிலையப் பொதுநாட்குறிப்பு, மற்ற நிலையங்களுக்குப் போன செய்தி, பிணவறைப் பதிவேடு, அடக்கம் செய்த இடத்தின் பதிவேடு, அந்த வாரத்துச் செய்தித்தாள். அழிந்தது உறுதி என்றால் புதிதாகப் புகார் பதியச் சொல்லுங்கள். அதில் பழைய புகாரின் எண்ணையும் தேதியையும் கட்டாயம் குறிப்பிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் கணினியில் அவர் இன்று காணாமல் போனவராகத் தெரிவார்.

"ஓடியவர்" என்ற சொல் தடைதான். அந்த ஒரு சொல்லால் முதல் சில நாட்களில் யாரையும் விசாரித்திருக்க மாட்டார்கள், கடைசியாகப் பார்த்த இடத்தைத் தேடியிருக்க மாட்டார்கள். 18 வயது நிறைந்த நாளில் சில கணினி அமைப்புகள் சிறார் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடும், பெரியவர் பட்டியலுக்கு மாற்றுவதை யாரும் செய்திருக்க மாட்டார்கள். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்: இன்று பதிவு நடப்பில் இருக்கிறதா? எந்த வகையில்? வகைப்பாட்டை மாற்றக் கோரும் கடிதத்தில் உணர்ச்சியைவிட உண்மைகள் பேசட்டும். எடுத்துச் செல்லாத உடைகள், பணம், கண்ணாடி, மருந்து, அடையாள அட்டை, அடுத்த நாளுக்கென்று அவர் போட்டிருந்த திட்டம், இவற்றை ஒவ்வொன்றாக எழுதுங்கள்.

நோட்டுகளை இனி வெறும் கையால் புரட்டாதீர்கள். லேமினேட் செய்யவே கூடாது. காகிதம் உறிஞ்சிய வியர்வையின் அமினோ அமிலம் பல பத்தாண்டுகள் நிற்கும். நின்ஹைட்ரின் என்ற வேதிப்பொருளை ஆய்வகத்தில் பூசினால் கைரேகை ஊதா நிறத்தில் எழும்பி வரும். அவர் மட்டுமே எழுதிய நோட்டு என்றால் அது அவருடைய கைரேகைப் பதிவு. இரண்டையும் காகித உறையில் வையுங்கள்.

தொலைபேசியில் பேசியது எதுவும் நடந்ததாகக் கணக்கில்லை. பேசிய அன்றே "இன்று இப்படிச் சொன்னீர்கள்" என்று ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள். விசாரணை அலுவலர் மாறிக்கொண்டே இருப்பார், காகிதம்தான் தொடர்ச்சி. ஆண்டுக்கு இரண்டு முறை, தேதி குறித்து வைத்து, எழுதிக் கேளுங்கள்.

முற்றத்துநிலா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு விஷயங்கள் சேர்க்கிறேன். சித்தப்பாவுக்கு இறப்பதற்கு ஓராண்டு முன் அறுவை சிகிச்சை நடந்தது, சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அது உதவுமா? அந்த எலும்புக்கூட்டை அப்போதே எரித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால் ஒன்றும் மிஞ்சாதா?

மரபணுமேசை

உதவும், அதுவும் மிகவும். பரிசோதனைக்கு அனுப்பிய சதையைப் பார்மலினில் பதப்படுத்தி, மெழுகுக் கட்டிக்குள் வைத்துப் பல ஆண்டுகள் பாதுகாப்பார்கள். பார்மலின் டிஎன்ஏவைத் துண்டாக்கும் என்றாலும் அந்தக் கட்டியிலிருந்து விவரக்குறிப்பு எடுக்க முடிவதுண்டு. மருத்துவமனைக்கு இன்றே எழுதுங்கள்: "இந்தக் கட்டியை அழிக்க வேண்டாம், காணாமல் போனவரை அடையாளம் காணத் தேவைப்படுகிறது." சித்தி, தம்பி, சித்தப்பா மூவரும் சேர்ந்தால் இதைவிட வலுவான குடும்பத் தொகுப்பு கேட்க முடியாது.

எரித்த எலும்பில் டிஎன்ஏ கிடைப்பது ஏறக்குறைய இல்லை. ஆனால் எரிப்பதற்கு முன் எடுத்து வைத்தது என்ன என்பதே கேள்வி. தாடை, ஒரு பல், தொடை எலும்புத் துண்டு, உடை, பரிசோதனையின்போது எடுத்த படங்கள், எக்ஸ்ரே. ஆய்வகத்தின் பொருள் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், காவல்நிலையத்தின் சொத்துப் பதிவேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு. எதுவுமே இல்லாவிட்டாலும் பற்களின் படம் ஒன்று இருந்தால் முன்னே சொன்ன ஒப்பீட்டைச் செய்துவிடலாம்.

தொலைதூரவிளக்கு

உயிரோடு இருக்கலாம் என்ற பக்கத்தையும் பார்ப்போம். அதைக் கைவிடவே வேண்டாம், இரண்டு தேடலும் ஒன்றாக நடக்கலாம்.

இன்டர்போலின் மஞ்சள் அறிவிப்பு காணாமல் போனவருக்கானது, கறுப்பு அறிவிப்பு அடையாளம் தெரியாத உடலுக்கானது. குடும்பம் நேராகக் கேட்க முடியாது. உங்கள் காவல்துறை, நாட்டின் இன்டர்போல் தேசிய மையம் வழியாகக் கேட்க வேண்டும். முன்பே கேட்டிருந்தால் இன்றும் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். 2021இல் இன்டர்போல் 'ஐ-ஃபமிலியா' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. ஒரு நாட்டில் உள்ள உறவினரின் டிஎன்ஏவை மற்ற நாடுகளில் கிடைத்த பெயர் தெரியாத உடல்களோடு அது ஒப்பிடுகிறது. டிஎன்ஏவோடு பெயர் சேர்ந்து போகாது, ஒப்புதல் படிவம் தனியே உண்டு. மாதிரி தேசிய அளவில் இருக்கிறது என்பதற்காக அங்கே தானாகப் போய்விடாது. கேட்டால்தான் போகும்.

வயதேற்றிய படத்துக்குப் பயிற்சி பெற்ற ஓவியரிடம் செல்லுங்கள். அமெரிக்காவில் 1984இல் தொடங்கிய காணாமல் போன சிறாருக்கான தேசிய மையம் 18 வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் படத்தைப் புதுப்பிக்கிறது. ஓவியருக்கு அவளுடைய கடைசிப் படம் மட்டும் போதாது. சித்தியும் சித்தப்பாவும் 39 வயது வாக்கில் இருந்த படங்களும், தம்பியின் இப்போதைய படமும் தேவை. முகம் வயதாகும் விதம் குடும்பத்தில் ஓடுகிறது. கைபேசிச் செயலி தரும் படம் வேண்டாம். அது முகத்தை அழகாக்கும், தழும்பை அழிக்கும், காதின் வடிவத்தை மாற்றும். ஆளுக்கொரு படம் பரவினால் பார்ப்பவருக்கு எதுவுமே பதியாது.

அறிவிப்பு போட்டால் உங்கள் சொந்தத் தொலைபேசி எண்ணைப் போடாதீர்கள், விசாரணை எண்ணைப் போடுங்கள். குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த ஒரு விவரத்தை, உதாரணமாக ஒரு தழும்பையோ செல்லப் பெயரையோ, எங்கேயும் வெளியிடாமல் வையுங்கள். "உங்கள் பெண் என்னிடம் இருக்கிறாள், பணம் அனுப்புங்கள்" என்று அழைப்பு வந்தால் அந்த ஒன்றைக் கேளுங்கள். அழைப்பவர் உண்மையைச் சொன்னால் நல்லது, மழுப்பினால் எண்ணைக் குறித்து அன்றே காவல்துறையில் கொடுங்கள். இருக்கும் இடத்தை ஞானதிருஷ்டியில் பார்த்துச் சொல்கிறேன் என்பவர்களுக்குச் சித்தியின் எண் கிடைக்கவே கூடாது. தாயின் ஏக்கத்தைக் காசாக்குவதைவிடக் கொடுமை எதுவுமில்லை.

ஒன்றைச் சித்தியிடம் பக்குவமாகச் சொல்லி வையுங்கள். அவள் இப்போது 39 வயதுப் பெண். கண்டுபிடித்தாலும், "நலமாக இருக்கிறேன், முகவரி தர வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. காவல்துறை அந்த அளவுக்கு மட்டுமே தெரிவிக்கலாம். அப்படி ஒரு நிலை வந்தால் கொடுப்பதற்கு, பழி சொல்லாத, கேள்வி கேட்காத ஒரு கடிதத்தைச் சித்தி கையாலேயே இப்போதே எழுதி வாங்கிக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சொத்து, ஆவணம் போன்ற காரணங்களுக்காக அவள் இறந்ததாக நீதிமன்றத்தில் அறிவிக்கக் கோர வேண்டி வந்தால், அதற்கு முன் காவல்துறையிடமும் ஆய்வகத்திடமும் எழுத்தில் உறுதி வாங்குங்கள்: அறிவிப்பு வந்தாலும் காணாமல் போனவர் பதிவு நீங்காது, குடும்ப டிஎன்ஏ அழியாது என்று. சட்ட அறிவிப்பு வந்ததும் தேடல் பதிவை மூடிவிடுவது அலுவலக வழக்கமாகவே நடந்துவிடும். மூடிய பதிவோடு எந்தப் புது உடலையும் யாரும் ஒப்பிட மாட்டார்கள்.

முற்றத்துநிலா

சித்தியும் தம்பியும் மாதிரி தர ஒப்புக்கொண்டார்கள். மருத்துவமனைக்கும் காவல்துறைக்கும் கடிதம் தயார். பல் கம்பி போட்ட மருத்துவரின் பெயர் ஒரு பழைய ரசீதில் கிடைத்திருக்கிறது. பிளாஸ்டர் அச்சு இருக்கிறதா என்று கேட்டு நாளை அவருக்கு எழுதுகிறேன்.

எலும்பும்பல்லும்

அச்சு கிடைத்தால் துணியில் சுற்றி, மேலும் கீழும் உரசாமல் தனித்தனிப் பெட்டியில் வையுங்கள், பிளாஸ்டரின் முனை எளிதில் உடையும். யாரிடமும் கொடுப்பதற்கு முன் ஐந்து பக்கமும் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். பற்களைப் பிடுங்கிய தேதி ரசீதில் இருந்தால் அதையும் இங்கே சொல்லுங்கள், எந்தெந்தப் பல் என்று கோப்புக்கு எழுதித் தருவதற்கு உதவுகிறேன்.